ஓரகத்தியின் குறிப்பில் ஒரு திருத்தம்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே கறையக்கா. மருத்துவமனைகளும் விடுதிகளும் துணி அனுப்பும் பெரிய இடம் அது. எந்தக் கறைக்கு எந்தப் பொடி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதெல்லாம் பதினேழு வருடங்களாக அவள் தலைக்குள்தான் இருந்தன. துணியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தன் மேசைக்கு வருவதில் அவளுக்குத் தனி ருசி. யாருக்கும் முழுதாகச் சொல்லித் தர மாட்டாள். "வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்" என்பாள்.

அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, இஸ்திரிப் பகுதியில் இருந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கறையக்காதான்.

புதிதாக வந்த மேலாளர் அம்மா எல்லோருடைய போனிலும் ஒரு பொதுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

"டீ குடிக்கிறப்ப ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறீங்கள்ல, அதை இதுல எழுதுங்க. யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம்."

கறையக்கா எழுதவில்லை. ஓரகத்தி எழுதினாள். பக்கத்து மேசையருகே நின்றபடி பத்து வருடம் பார்த்ததையும் கேட்டதையும் படத்தோடு எழுதினாள். மை, மசகு, துரு, ரத்தம். ஒரே மாதத்தில் முப்பது குறிப்பு. ஒவ்வொன்றின் கீழும் ஆளாளுக்கு இதயம் போட்டார்கள்.

கறையக்காவின் மேசைக்கு ஆள் வருவது நின்றது. வீட்டில் கணவன்கூட, "தம்பி பொண்டாட்டி பெரிய ஆளாயிட்டா போலிருக்கே" என்றான். அவள் தட்டை வைத்த சத்தத்தில் அவன் பேச்சு நின்றது.

ஒரு மதிய இடைவேளையில் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எழுதமாட்டாளே தவிர, தினமும் திறந்து பார்ப்பாள். ரத்தக் கறைக் குறிப்புக்கு நாற்பத்தொரு இதயம். 'பச்சைத் தண்ணீரில் அலசவும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.' தன் வாயிலிருந்து எப்போதோ விழுந்த வார்த்தைகள். 'பச்சைத் தண்ணீரில்' என்பதை 'வெந்நீரில்' ஆக்கி, அடுத்த வரியை அழித்தாள்.

வேலை முடிவதற்குள் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நான்கு மணிக்கு மேலாளர் எல்லோரையும் கூட்டி, ஓரகத்திக்குக் கைதட்டச் சொன்னார். கறையக்காவும் தட்டினாள். பிறகு போனைத் தொடாமலே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, துவைக்கும் பகுதிக்குப் புதிதாக வந்த இருவர் குறிப்பைப் பார்த்து ரத்தக் கறை படிந்த அறுபது மருத்துவமனை விரிப்புகளை வெந்நீரில் போட்டார்கள். அத்தனையும் பழுப்புத் திட்டுகளோடு வெளியே வந்தன. மேலாளர் ஓரகத்தியை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார். அதைப் பார்க்க இனிக்கும் என்று கறையக்கா நினைத்திருந்தாள். இனிக்கத்தான் செய்தது, பத்து நிமிடம்.

உலர்த்தும் அறையில் ஓரகத்தி அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, யாரு எப்ப எதை மாத்துனாங்கன்னு அந்தப் பக்கத்துலயே காட்டும். உங்களுக்கு அது தெரியாதுன்னு நினைக்கிறேன்."

கறையக்கா ஒரு விரிப்பை இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"மேடம் இன்னும் பாக்கல. நானும் சொல்ல மாட்டேன்."

"ஏன் சொல்ல மாட்ட?"

"நீங்க வாங்கிக் குடுத்த வேலைக்கா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"மாத்துனது நான்தான். அவ தயவு எனக்கு வேணாம்."

கறை நீக்கும் பகுதியின் பொறுப்பு ஆறு மாதத்துக்கு அவள் கையைவிட்டுப் போயிற்று. மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் ஊறவைத்து, கசக்கி, நாற்பத்தாறு விரிப்புகளை மீட்டாள். மீட்ட விதத்தை அவளே எழுத வேண்டும் என்றார் மேலாளர். தப்பும் தவறுமாகத் தட்டினாள். ஓரகத்தி எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.

பொறாமை போகவில்லை. ஓரகத்தி ஒன்று எழுதினால் கறையக்கா இரண்டு எழுதுகிறாள். மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஒருவர் போனை மற்றவர் பார்த்துவிடாதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.