சாதாரணமாய் ஒரு படம் வேண்டுமாம்

இரண்டு பேர் கணவன் மனைவிதான் என்பதை எப்படி நிரூபிப்பது? போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வியோடு அக்கா வீட்டில் ஒரு பின்னேரம் முழுக்கப் போராடினேன். கையில் இருந்த ஒரே ஆயுதம் என் போன்.

விஷயம் இதுதான். அக்காவின் ஒரே மகள் ஷாலினிக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு வாரம். மாப்பிள்ளை டெரன்ஸ் ஏழு வயதில் கனடா போனவர். ஒரு வருடம் போனில் கதைத்து, பிறகு நேரில் வந்து, மாதா கோயிலில் தாலி கட்டினார். சனிக்கிழமை அவர் திரும்ப வேண்டும். ஷாலினி பின்னால் போக விசா வேண்டும். விசாவுக்கு, இது உண்மையான கல்யாணம் என்று காட்டப் படங்கள் வேண்டும்.

படமா இல்லை? கல்யாண ஆல்பத்தைத் தூக்கவே இரண்டு பேர் தேவை. ட்ரோன் பறந்து எடுத்தது, புகை விட்டு எடுத்தது, கடற்கரை மணலில் கோட் சூட்டோடு எடுத்தது... ஆனால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இதெல்லாம் எல்லாரிட்டயும் இருக்கு. வீட்டில குடும்பத்தோட சாதாரணமா நிக்கிற மாதிரி நாலைஞ்சு படம் அனுப்புங்கோ."

சாதாரணமாக நிற்பது — அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் உண்டா?

எனக்கு நன்றாகப் படம் எடுக்கத் தெரியும் என்று அக்காவுக்கு யார் சொன்னது? நான்தான். வேறு யார்?

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அக்கா வீட்டு முற்றத்தில் நின்றால் துறைமுகம் தெரியும். அத்தான் அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவர். "கப்பல் தெரிய எடு பிள்ளை" என்று எல்லோரையும் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். பின்னேரம் நாலு மணி. வெயில் முழுக்க அவர்களுக்குப் பின்னால். எடுத்தேன். கப்பல் அழகாக விழுந்திருந்தது. குடும்பம்தான் நாலு கரிக்கட்டை.

நீங்களும் இப்படி எடுத்திருப்பீர்கள்தானே? கடல் இல்லாத படத்துக்கு நம் ஊரில் மதிப்பே இல்லை. "ஆபீசர் கப்பலைப் பாக்கப் போறேல்லை அத்தான்" என்று கெஞ்சி, எல்லோரையும் திருப்பி, கண் கூசாமல் மாமர நிழலில் நிறுத்தினேன். அடுத்த படம் முழுக்கப் பனிமூட்டம். திருகோணமலையில் பனியா? மத்தியானம் மீன் பொரித்த எண்ணெய்க் கை, ஆட்களைத் திருப்புகிற அவசரத்தில் லென்ஸில் பட்டிருக்கிறது. சேலைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்தேன்.

இப்போது வெளிச்சம் சரி, லென்ஸும் சரி. ஆட்கள்?

"ரெடி" என்றேன். அவ்வளவுதான். அத்தான் அடையாள அட்டைக்கு நிற்பது போல் விறைத்தார். அக்கா மூச்சை அடக்கி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். புதுத் தம்பதிக்கு நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். அந்த இடைவெளியைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும்.

"கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ பிள்ளையள்."

"அப்பா பக்கத்தில நிக்கிறார் சின்னம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் ஷாலினி.

தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். அத்தான் பின்னாலேயே வந்தார். "ஒரு வருசம் போனில கதைச்சால் ஒரு ஆளை அறிய ஏலுமே பிள்ளை? நல்ல பெடியன்தான். ஆனா அங்க இவளை ஆர் பாக்கிறது?" என்று மெல்லக் கேட்டார். ஒரே மகளை அவ்வளவு தூரம் அனுப்புகிற மனிதரிடம், எனக்கென்று எடுத்த தண்ணீரை நீட்டினேன்.

திரும்பப் போய் இருபத்தாறு படம் எடுத்தேன். இருபத்தாறிலும் நாலு பேர் தண்டனைக்கு நின்றார்கள்.

"சரி, முடிஞ்சுது. தேத்தண்ணி குடிக்க வாங்கோ" என்றேன், அலுத்துப்போய்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. அக்கா வயிற்றை விட்டார். அத்தான் கதிரைகளை எடுத்து வைக்கப் போனார். ஷாலினிக்குக் குதி உயர்ந்த செருப்பு ஒரு மணிநேரமாகக் காலைக் கடித்துக்கொண்டிருந்ததாம். அவள் வாய் திறந்து கேட்கவில்லை... டெரன்ஸ் மண்ணில் முழங்கால் போட்டு, செருப்பு வாரைக் கழற்றத் தொடங்கினார். அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, விழாமல் இருக்க அவர் தலையில் கையை ஊன்றினாள்.

"தலைமயிரை விடும் ஷாலினி" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். போன் என் கையில்தான் இருந்தது. இந்தத் தடவை நான் ரெடி சொல்லவில்லை.

தேத்தண்ணி மேசையில் அந்தப் படத்தை அத்தானிடம் காட்டினேன். எல்லோர் முன்னாலும் புருசன் தலையில் கை வைத்துவிட்டாளே என்று கோபிப்பாரோ? உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டு விடேக்க, என்ர தலையைத்தான் இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவள்" என்றார். "எனக்கும் ஒண்டு அனுப்பிவிடு பிள்ளை."

ஆகவே, நல்ல குடும்பப் படம் வேண்டுமா? லென்ஸைத் துடையுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிறகு "முடிஞ்சுது" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, போனைக் கீழே வைக்காமல் நில்லுங்கள்.

கனடா விசா வர மாதக்கணக்கு ஆகுமாம். அத்தான் தன்னுடைய விசாவை அன்று பின்னேரமே குத்திக் கொடுத்துவிட்டார்.