ஒரு தட்டு

பழைய ஜீப் வாங்கும்போது நான் கண்ணை நம்புவதில்லை. பெயிண்ட் அடித்துக் கண்ணை ஏமாற்றிவிடலாம். காதை ஏமாற்ற முடியாது. என் காது மேல் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். எங்கள் மலைக்கிராமமான கூக்காலுக்கு வரும் பஸ்ஸை நம்பி முதல் பிள்ளையை இழந்திருந்தோம். மழை பிடிப்பதற்குள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்று பித்துப் பிடித்தவன்போல் அலைந்தேன்.

பூம்பாறைப் பாதையில் ஒரு தோட்டக்காரரிடம் ஜீப் விலைக்கு இருந்தது. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். பூண்டு மூட்டை தன்மேல் சரியாமலிருக்க முன்சீட்டுக்குப் பின்னால் முழுத் தகரம் அடைத்திருந்தார். இப்படிப்பட்ட வண்டியில் பின்னால் இருப்பவர் கத்தினால் ஓட்டுபவருக்குக் கேட்காது. தகரத்தைத் தட்ட வேண்டும். கண்டக்டர் விசில் கணக்குத்தான்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ.

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். இஞ்சினில் குறையில்லை. இறக்கத்தில் இடதுபக்க வளைவு வந்தது. என் முதுகுக்குப் பின்னால் 'டொக்' என்றது. ஒரே தட்டு. கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"ஸ்பிரிங் பட்டை லூசாண்ணே?"

"எல்லாம் புதுசு தம்பி" என்றார். குரல் சரியில்லை.

விடுவேனா? மேலே ஏறி மறுபடி இறங்கினேன். நியூட்ரலில் உருட்டிப் பார்த்தேன். நான்கு சக்கரத்தையும் சேர்த்துப் போட்டும் பார்த்தேன். ஸ்டெப்னியை இறக்கி வைத்தேன், பின்கதவுச் சங்கிலியில் துணியைச் சுற்றினேன். அந்த வளைவு வந்ததும் டொக். பட்டை லூசாக இருந்தால் குழிக்குக் குழி தட்டும். இது இடம் பார்த்துத் தட்டியது.

கடைசியில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி, தகரத்தில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் உள்ளே இருட்டு, பழைய பூண்டு வாடை. இரண்டு கைகளாலும் பெஞ்சின் காலைப் பிடித்திருந்தேன். வளைவில், என் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி, டொக். தகரம் அதிர்ந்தது கன்னத்தில் தெரிந்தது. கையை நீட்டித் தடவினேன்; அந்த இடத்தில் எதுவுமே இல்லை. நிறுத்தச் சொல்லி நானே ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி நிற்கவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தேன். கீழே பாலம் வரும்வரை அவர் நிறுத்தவே இல்லை.

"ஏண்ணே நிக்கல? நான்தான தட்டுனேன்!"

அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"நீங்களா? எப்பவும் கேக்குற சத்தம்னுல்ல நெனச்சேன். அன்னைக்கும் இப்படித்தான் தம்பி. அப்ப பட்டை லூசு, சும்மா தட்டிக்கிட்டே கெடக்கும். வெள்ளனே நெஞ்சு வலிக்குதுன்னா எம் பொண்டாட்டி. பின்னால படுக்க வச்சுக் கெளம்பிட்டேன். அந்த வளைவுல ஒரு தட்டு கேட்டுச்சு. வண்டிச் சத்தந்தான்னு வெரசா ஓட்டிட்டேன். ஆஸ்பத்திரில கதவத் தெறந்தா..."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"மறுவாரமே எல்லாத்தையும் மாத்திட்டேன். சத்தம் நிக்கல."

வேறொருவனாக இருந்தால் ஓட்டம் பிடித்திருப்பான். எனக்கு வரப்போகும் மழைதான் பெரிய பயம். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தகரத்தை வெட்டி எடுத்தேன். "தட்டாத. கைய நீட்டி எந்தோளத் தொடு, போதும்" என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். அதன்பிறகு அந்த வளைவில் சத்தம் வரவில்லை.

அடைமழை பெய்த ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. உட்கார முடியாமல் பின்னால் மெத்தையில் படுத்துக்கொண்டாள். துணைக்கு ஆள் தேட நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அதே வளைவில் என் தோளில் ஒரு கை பட்டது. குளிர்ந்த கை. நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

தலை மெத்தையிலிருந்து சரிந்து, கழுத்து மடங்கி, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன. பாய்ந்து போய்த் தலையை நிமிர்த்தி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலையில் மகள் பிறந்தாள். தோளைத் தொட்டது நீதானா என்று இன்றுவரை மனைவியிடம் கேட்கவில்லை. தோட்டக்காரரிடம் மட்டும் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"இந்தத் தடவ வண்டி நின்னுச்சுண்ணே."