கழுத்தோரத்து ஊதாக் கோடு

இன்று தாம்பரம் பஸ்ஸில் காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாமா, கழுத்துல இங்க் கீது" என்றவர், முந்தானை நுனியை எச்சில் தொட்டுத் துடைக்கவே வந்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க்கா. ஆஸ்பத்திரில போட்டது. கரண்ட் வைக்கிறதுக்கு அடையாளம்."

மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து, ரேடியேஷனில் இன்று பன்னிரண்டாம் நாள். வலி கிடையாது. தோல் கறுக்கிறது, சாயங்காலமானால் உடம்பு துவண்டுவிடுகிறது. இதெல்லாம் முன்பே சொன்னார்கள். என்னைப் படுக்கவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்துவார்களே, அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

அவர் முந்தானையை மெல்ல மடியில் போட்டுக்கொண்டார்.

"என் தங்கச்சிக்கும் போட்டாங்கோ. அழியக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வச்சிகினு இருந்துச்சு. கடசியா எடுக்கறதுக்கு முன்னால நாங்கோ குளிப்பாட்டசொல்லோ கூட, அந்த எடத்துல மட்டும் யாரும் தேய்க்கல."



வீட்டுக்கு வந்ததிலிருந்து கண்ணாடியில் அந்தக் கோட்டையே பார்க்கிறேன். சிகிச்சை முடிகிற அன்றைக்கு இதை என் கையால் நானேதான் தேய்த்து அழிக்க வேண்டும்.

எந்த சோப்புக்கு இந்த மை போகும்? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.