இடப்பக்கம் திரும்பாத ரோபோ

போன வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி. நான் அடி அண்ணாமலையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ரோபோவும் கோடிங்கும் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாவது படிக்கும் வாண்டுகள் முதல் எட்டாவது வரை வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. அதையும் சகித்துக்கொண்டு வருகிறார்களே, அதுவே பெரிய விஷயம்.

அதில் ஏழாவது படித்த ஒரு பெண் ரொம்பக் கெட்டிக்காரி. அவள் அப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை. சனி, ஞாயிறில்தான் கூட்டம் என்பதால் மகள் கடைக்கு வந்தால் தேவலை என்பது அவர் எண்ணம். "பொம்மை கார் ஓட்டக் கத்துக்கினு இவ என்ன டீச்சர் பண்ணப் போறா?" என்று என்னிடமே கேட்டார். நான் சும்மா இருப்பேனா? போட்டிக்கு நேரில் வந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். "சரி, வரேன். சரிப்படலைன்னா அதோட நிறுத்திடுவேன்" என்றார். பக்கத்தில் நின்ற மகளின் முகத்தில் ஈயாடவில்லை.

தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் சின்ன வண்டி எங்களுடையது. அடியில் இடப்பக்கம் ஒரு சென்சார், வலப்பக்கம் ஒரு சென்சார். கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்துச் சென்சார் தகவல் சொல்லும், வண்டி திரும்பும். பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் கோட்டை வட்டமாக ஒட்டி, நடுவில் அட்டையில் ஒரு மலையும் செய்து வைத்தார்கள். ஒருநாள் நான் வண்டியை எதிர்ப்பக்கமாக விட்டேன். "மிஸ், மலைய அப்படிச் சுத்தக் கூடாது" என்று ஒரே கூச்சல். ஒருத்தன் வண்டியைத் தூக்கித் திருப்பியே வைத்துவிட்டான். நானும் இந்த ஊர்க்காரிதானே, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அதன்பிறகு எங்கள் வண்டி முறைப்படி வலமாகவே சுற்றியது.

போட்டியன்று அவள் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பெரிய மேசை மேல் பாதை போட்டிருந்தார்கள். வண்டி இடமாகச் சுற்ற வேண்டும் என்று போட்டி நடத்துபவர் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. முதல் வளைவில் எங்கள் வண்டி திரும்பாமல் நேராகப் போய் மேசையிலிருந்து தொப்பென்று விழுந்தது. எடுத்து வைத்து மறுபடி விட்டோம். மறுபடியும் விழுந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து வண்டியை லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தாள். "மிஸ், லெஃப்ட் சென்சார் வேலையே செய்யல. எப்பப் போச்சுனே தெரியல" என்றாள். எப்படித் தெரியும்? மாதக்கணக்காக அது திரும்பினதெல்லாம் வலப்பக்கம்தானே. மாற்றுச் சென்சாரும் கையில் இல்லை. கடைசியாக ஒரு வாய்ப்பு தருவதாகவும், சீக்கிரம் சரிசெய்யுமாறும் நடத்துபவர் சொன்னார். "அவ்ளோதானே பாப்பா, கெளம்பலாமா?" என்று அப்பா கேட்டது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் அடுத்து ஓட்ட வேண்டிய அணியிலிருந்து ஒரு பெண் வந்தாள். டவுன் பள்ளிக்கூடம், இவள் வயதுதான் இருக்கும். "எங்க வண்டில இருந்து கழட்டித் தரேன். ஓட்டிட்டுக் குடுங்க" என்றாள். நீங்கள் இன்னும் ஓட்டவே இல்லையே அம்மா என்றேன். "திருப்பி மாட்டிக்கிறோம் மிஸ்" என்று சொல்லும்போதே அவள் அணிப் பிள்ளைகள் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுடைய டீச்சரும் தடுக்கவில்லை. என் மாணவி அதை மாட்டினாள். புதுச் சென்சாருக்கு ஏற்ற மாதிரி கோடிங்கில் அளவுகளை மாற்றினாள். வண்டி இடப்பக்கம் திரும்பியது. முழுச் சுற்றும் வந்தது. நான் கத்திய கத்தலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பரிசு எங்களுக்கு இல்லை. ஆனால் அவர்களுக்கும் இல்லாமல் போனதுதான் என் மனசை என்னவோ செய்தது. அவசரத்தில் திரும்ப மாட்டிய சென்சார் கொஞ்சம் கோணிக்கொண்டதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவர்கள் வண்டி பாதி வழியில் கோட்டை விட்டு விலகியது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் "பரவால்ல மிஸ், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாசலுக்கு வந்ததும் இளநீர்க் கடைக்காரர் என்னை நிறுத்தினார். "சனிக்கிழமை கடைய நானே பாத்துக்கிறேன் டீச்சர். இந்த மாதிரிப் புள்ளைங்களோட பழகறதுனா, இவ பழகட்டும்" என்றார்.

பதற்றத்தில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. தான் கழற்றிக் கொடுத்தது ஒரு சென்சார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். இப்போது எட்டாவது படிக்கும் என் மாணவி ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்குள் நுழையும்போது, அது எவ்வளவு பெரிய கொடை என்று எனக்கல்லவா தெரிகிறது.