நாற்பது டீ

இங்கிலாந்தில் பர்ன்லி ஊர்ச் சந்தைக்குள் இருந்த டீக்கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவள் ஹில்டா. ஆர்மரோட் வீட்டு மருமகள். தறி ஓட்டிய கிளிஃபர்டின் பெஞ்சாதி. கடையில் எல்லாம் எண்ணிக்கைதான். "மூணு டீ, ஒரு காபி, கண்ணு" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றுவாள்.

வீட்டில் யாரும் எண்ணியதில்லை. பழுப்புப் பீங்கான் கூஜாவில் தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி, சூடு ஆறாமலிருக்க அவள் பின்னிய கம்பளிக் குல்லாயை அதன் தலையில் மாட்டிவிடுவாள். "டீ இருக்கு" என்றால் போதும். தீருகிற மட்டும் புருஷனும் அவளும் ஊற்றிக்கொள்வார்கள்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி கிளிஃபர்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வார்டுக்குத் தள்ளுவண்டியில் வரும் கோப்பை டீயைத் தொடவில்லை.

"எண்ணி ஊத்தினது எனக்கு வேணாம். நம்ம கூஜாவில கொண்டா."

"கூஜாவை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வரணுமா? ஊரே சிரிக்கும்."

"உன் தம்பி கல்யாணத்துக்கு நீ போட்டு வந்த தொப்பிக்குச் சிரிக்காததா?"

பார்வை நேரம் இரண்டு மணிக்கு. சனிக்கிழமை கூஜாவைக் கடைக்கே கொண்டுவந்து டீ போட்டு, குல்லாய் மாட்டி, கோட்டையும் மாட்டினாள். அந்நேரம் பார்த்து கடற்கரைக்குப் போகிற சுற்றுலா பஸ் ஒன்று வாசலில் நின்றது. "நாப்பது டீ, கண்ணு" என்றான் டிரைவர்.

கூட வேலை பார்த்த தம்பி பெஞ்சாதி டோரின், "நீங்க போங்க அண்ணி, நான் பாத்துக்குறேன்" என்றாள்.

வரிசையில் ஆள் நிற்க ஹில்டாவால் போக முடியாது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். "பத்து நிமிஷந்தான்" என்று கோட்டைக் கழற்றினாள். நாற்பதும் ஊற்றி முடிப்பதற்குள் அவள் பஸ் போய்விட்டது. அடுத்தது அரை மணி கழித்துத்தான்.

அவள் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

"அவரு போயிக் கால் மணி ஆச்சும்மா" என்றாள் நர்ஸ். "வந்தாச்சா, வந்தாச்சான்னு ரெண்டு தடவை கேட்டாரு. உங்களைக் கேட்டாரா, டீயைக் கேட்டாரான்னு தெரியல."

ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கூஜா இன்னும் சுட்டது.

"ஒரு டீ கொண்டுவரட்டுமா?"

"வேணாம்மா. டீ இருக்கு."

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அவள் அந்தக் கடையில் நின்றாள். சுற்றுலா பஸ் வந்தால் மட்டும் டோரினை ஊற்றச் சொல்லிவிட்டு, பின்னால் கோப்பை கழுவப் போய்விடுவாள்.