அக்கா தூக்கிய இன்ஜின்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கிறது. கதவு மெல்லிய வேப்பம்பலகை. கைப்பிடியோ ஒரு சாண் நீளம், கட்டைவிரல் கனம். புதிதாக வருகிறவர்கள் கதவைவிடப் பிடி கனமாக இருக்கிறதே என்று சிரிப்பார்கள். அது கதவுக்காகச் செய்தது அல்ல. என் தம்பி தன் கையால் கட்டிய சிறிய மோட்டார் காரின் பின்புறத்தில் இருந்த இரண்டு பிடிகளில் ஒன்று. இன்னொன்று ஓடையோடு போய்விட்டது.

காருக்குப் பின்னால் கைப்பிடி எதற்கு என்றும் கேட்பார்கள். அந்தக் காருக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. அதில் இருந்தது மோட்டார் சைக்கிள் இன்ஜின். மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. எங்கேயாவது முட்டிக்கொண்டால் இருவர் இறங்கி, ஆளுக்கொரு பிடியைப் பற்றிப் பின்புறத்தைத் தூக்கி, வண்டியைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த இருவரில் ஒருத்தி நான்.

என் தம்பி யுத்தத்தில் துப்பாக்கி பிடித்தவன் அல்ல, ஸ்பானர் பிடித்தவன். பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்த்தான். வடக்கே ஒரு முகாமில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓய்வு நேரத்தில் மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார் ஒன்று கட்டினாராம். அதற்கு இவன் எடுபிடி. யுத்தம் முடிந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பியபோது தகரப்பெட்டிக்குள் துணிமணியைவிட அந்தக் காரின் படங்கள்தான் அதிகம் இருந்தன. நான் மிஷன் பள்ளியில் ஆசிரியை. கணவருக்குக் கொழும்பில் வேலை. ஒன்பது வயது மகளும் நானுமாக இருந்த வீட்டில் மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தான்.

எங்கள் தெருக் கோடியில் பருத்தி மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் ஒரு மூலையை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். கோண இரும்பில் சட்டம், ஏலத்தில் எடுத்த விமானத் தகட்டில் உடம்பு, பிரம்பு முடைந்த இரண்டு இருக்கை. ஒரு வருஷத்தில் இன்ஜின் தவிர எல்லாம் தயார். பள்ளி விட்டதும் என் மகள் அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் வட்டைப் பிடித்துக்கொள்வாள். "மாமா, மதுரை வந்திருச்சா?" என்பாள். "இன்னும் இன்ஜினே வரல, அதுக்குள்ள மதுரை வந்திருமா?" என்று சட்டத்துக்கு அடியிலிருந்து குரல் வரும்.

மதுரையில் பட்டாளம் கழித்துவிட்ட சாமான்களை விற்பவர் ஒருவரிடம் மூன்று இன்ஜின்கள் இருந்தன. அவற்றின் புத்தகங்களைத் தம்பி வாங்கி வந்தான். இரும்பு அவனுக்குப் புரியும், இங்கிலீஷ் எனக்குப் புரியும். நான் படித்துச் சொல்ல, அவன் சுவரில் கரியால் எழுதினான். ஒன்று, விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்குகிற குட்டி வண்டியினுடையது. அது ஆளை இழுக்கும், காரை இழுக்காது என்று முதலிலேயே தள்ளிவிட்டான். மிச்சம் இரண்டு. முந்நூற்றைம்பது சி.சி. ஒற்றைச் சிலிண்டர் ஒன்று. அதைப் போல மூன்று மடங்கு பெரிய இரட்டைச் சிலிண்டர் ஒன்று.

தம்பியின் மனம் இரட்டையில் இருந்தது. "ஒத்தச் சிலிண்டரு காசக்காரன் மாதிரி இருமிக்கிட்டே போகும்க்கா. இது பாரு, சும்மா உறுமும். மேட்டுல கியர மாத்தவே வேணாம்."

"எம்புட்டு வேகம் போகும்?"

"அறுவது மைல் போகும். கூடவும் போகும்."

அறுபது மைல் என்று கேட்டதும் பிரம்பு இருக்கையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தேன். அந்தக் காருக்குக் கதவு கிடையாது. நான் பயந்த சுபாவம். பிள்ளை கிணற்றுப் பக்கம் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் பயமாயிருக்கிறது என்று சொன்னால் தம்பி சிரிப்பான் என்பதால் கணக்காகப் பேசினேன். பெட்ரோல் கூப்பனுக்கு அளந்துதான் கிடைக்கிறது, பெரிய இன்ஜின் அதைக் குடித்துவிடும் என்றேன். காற்றில் ஆறுகிற இன்ஜினைத் தகட்டுக்குள் அடைத்தால் நம் ஊர் வெயிலில் பெரியதுதான் முதலில் சூடேறும் என்றேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கடைசியாகத்தான் ரிவர்ஸ் கியர் நினைவு வந்தது.

"பின்னால போகணும்னா என்ன செய்வ?"

"எறங்கித் தூக்கித் திருப்பணும்."

"யாரு தூக்குறது?"

"நானும் கூட வர்றவுகளும்."

"கூட வர்றது நான்தானே. என்னால தூக்க முடியுற இன்ஜினா வாங்கு."

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாளே சோதனை வைத்தான். புத்தகத்தில் போட்டிருந்த எடைக்குச் சமமாகப் பருத்தித் தராசுப் படிக்கற்களை எடுத்து இன்ஜின் உட்காரும் இடத்தில் அடுக்கினான். கிட்டங்கி முதலாளி வெற்றிலையை மென்றபடி வந்து நின்றார். "பஞ்சு தூக்குற எடத்துல டீச்சரம்மா காரு தூக்குறாக. இதுக்கு நான் டிக்கெட்டு போட்டிருக்கணும்" என்றார். முதலில் ஒற்றைச் சிலிண்டரின் எடை. தம்பி ஒரு பிடி, நான் ஒரு பிடி. தூக்கினோம், திருப்பினோம், வைத்தோம். பிறகு இன்னும் ஏறக்குறைய நூறு ராத்தல் ஏற்றினான். நான் பிடியைப் பற்றினேன், முகத்தைச் சுளித்தேன், மூச்சை அடக்கினேன். என் பக்கம் தரையை விட்டு எழவில்லை.

சுளித்த முகமும் அடக்கிய மூச்சும் நடிப்பு. அன்று நான் முழுப் பலத்தைப் போடவே இல்லை. போட்டிருந்தால் எழுந்திருக்கும். கையில் எடை ஏறத் தொடங்கியதும் அது எழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். தம்பி இரண்டு முறை பார்த்தான். பிறகு படிக்கற்களை ஒவ்வொன்றாக இறக்கினான். "சரி. அக்கா தூக்குற இன்ஜினே வரட்டும்" என்றான்.

சித்திரையில் வண்டி ஓடியது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கிக்கரை உதைத்தால் இரண்டாவது உதையில் பிடித்துக்கொள்ளும். இருமத்தான் செய்தது. முப்பத்தைந்து மைலுக்கு மேல் போகவில்லை. எனக்கு அது போதும். பந்தல்குடிச் சாலையில் லாரிகள் எங்களை முந்தும்போது தம்பி தலையைக் குனிந்துகொள்வான். மகள் என் மடியில் எழுந்து நின்று லாரிக்காரர்களுக்குக் கை காட்டுவாள். பின்பிடிகளை ஐந்தாறு முறை பயன்படுத்தினோம். சந்துகளில், கோயில் வாசலில், ஒரு தடவை மாட்டுச்சந்தையில். எல்லாம் காய்ந்த தரை.

ஐப்பசியில் திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சபையில் அசனம். கோயிலில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. மகளுக்கு நீலத்தில் புதுப் பட்டுப்பாவாடை. மதியத்துக்கு மேல் திரும்பினோம். வண்டிக்கு இன்னும் நம்பர் வாங்கவில்லை என்பதால் தம்பி பெரிய சாலையை விட்டு மாட்டுவண்டிப் பாதையில் வந்தான். எங்கள் தலைக்கு மேல் வெயில். மேற்கே மட்டும் வானம் கறுத்திருந்தது. வழியில் ஒரு ஓடை. கரண்டைக்காலளவு தண்ணீர். தம்பி வேகமாக இறக்கினான். நடு ஓடையில் இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது. உதைத்தான், பிடித்தது. சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது, பிறகு அதுவும் நின்றது.

நனைந்த கரிசல் மண் சக்கரத்தில் ஒட்டும். ஒட்டியதன் மேலும் ஒட்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் கையில் குச்சி வைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு முறை இறங்கி மண்ணைச் சுரண்டிவிடுவார்கள். எனக்கும் தம்பிக்கும் இது பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் கிட்டங்கியின் சிமெண்டுத் தரையில் ராத்தல் ராத்தலாக எடை பார்த்தபோது இருவருக்கும் மண்ணின் எடை நினைவுக்கு வரவில்லை.

"எறங்குக்கா, தூக்கித் திருப்பிருவோம். வந்த வழியே ஏறிக்கலாம்" என்றான். இறங்கினேன். மகளும் எழுந்தாள். "நீ உட்காரு. பாவாடை நனைஞ்சிரும்" என்றேன்.

நான் சொன்னது அதுதான். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அதே சொற்கள்தான்.

நான் நின்றது தண்ணீர் வரும் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினோம். மண் அப்பிய சக்கரம் பாதி எழுந்தது. அப்போது என் முழங்காலில் தண்ணீர் பட்டது. கரண்டைக்கால் தண்ணீர் எப்போது முழங்காலுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. நிறம் மாறியிருந்தது, சருகும் நுரையுமாக வந்தது. முன்சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. தம்பி பிடியை விட்டான். தகட்டின் மேல் தாவி ஏறி மகளின் இடுப்பைச் சேர்த்து அள்ளினான். அவன் ஏறிய கனத்தில் வண்டி மறுபக்கம் சாய்ந்தது. நான் என் பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். மொத்த வண்டியும் என் இரண்டு தோள்களில் தொங்கியது போல இருந்தது. அவன் பிள்ளையோடு கரையேறினான். "விடுக்கா! விடு!" என்று கத்தினான். காதில் விழுந்தது. கை விடவில்லை. மூன்றாம் முறை அவன் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்திய பிறகே விட்டேன். வண்டி புரண்டு போய் ஒரு உடைமுள் மரத்தில் சிக்கி நின்றது.

கரையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மகளின் பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. என் உள்ளங்கைகள் இரண்டும் தோல் உரிந்திருந்தன. தம்பி அவற்றைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "கிட்டங்கியில எங்க இருந்துச்சுக்கா இந்தப் பலம்?"

நான் மகளின் பாவாடையைப் பிழியத் தொடங்கினேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. இன்று வரை கேட்டதில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு வண்டியைப் பிரித்துத்தான் கொண்டுவர முடிந்தது. ஒரு பிடி காணவில்லை. இன்ஜினைத் தம்பி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினான். இரண்டாவது உதையில் இருமிக்கொண்டு எழுந்தது. அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தம்பி மதுரைக்கு ஒரு பஸ் பட்டறையில் வேலைக்குப் போனான். போவதற்கு முன் கொல்லைக் கதவுக்குப் பிடி இல்லை என்று இதை அடித்துக் கொடுத்தான். வேறு பிடி வாங்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரட்டைச் சிலிண்டராக இருந்திருந்தால் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலேறியிருக்கலாம். அந்தக் கனத்துக்கு இன்னும் ஆழமாகப் புதைந்தும் இருக்கலாம். இதைப் பல விதமாகக் கணக்குப் போட்டுவிட்டேன். விடை ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மாறாதது பாவாடை ஒன்றுதான்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சைக்கிள் பழக வேண்டும் என்கிறாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். போன வாரம் அவளுடைய தோழி கதவைப் பார்த்து, இவ்வளவு பெரிய பிடி எதற்கு என்று கேட்டாள். "அதுவா? நாங்க ஓடையில மாட்டிக்கிட்டப்ப, மாமா என்னைத் தூக்குற வரைக்கும் எங்கம்மா வண்டி சாயாம இதைப் பிடிச்சிக்கிட்டே நின்னாக" என்றாள் மகள். பெருமையாகத்தான் சொன்னாள். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் திருத்தவில்லை.

தோழி போன பிறகு கொல்லைக்குப் போனேன். மெல்லிய கதவு அது. ஒரு விரலால் இழுத்தால் திறக்கும். மகள் அப்படித்தான் திறக்கிறாள். நான் இரண்டு கையாலும் இழுக்கிறேன்.