கல்லைப் போட்டாலும் தின்னும் பெண்

சூடு முதலில் வயிற்றில்தான் ஏறும். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய அந்தப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு நான் நடந்து வருகையில், தீயில் ஓரம் கருகிய முட்டைகோஸும் சோயா சாஸும் வினிகரில் ஊறிய பச்சை மிளகாயும் ஒன்றாகிக் காகிதத்தின் வழியே கசிந்து, என் சட்டையில் எண்ணெய்க் கறையாக இறங்கிக்கொண்டிருக்கும். வீடு சேர்ந்தபின் பொட்டலம் தம்பிக்கு. கறை எனக்கு.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரண்டு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்குப் போகிற ஆட்களை ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு ஒரகடத்துக்கும் அதற்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அம்மா, கார்களுக்கு உள்ளே ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனியில் வேலை பார்த்தாள். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அவள் வீட்டில் இருக்கும் நேரத்தைவிட, அவளை ஏற்றிப்போக வரும் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்தான் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. நான் ஆறாம் வகுப்பு. தம்பி சதீஷுக்கு ஐந்து வயது. அவன் ‘சாப்பிடாத பிள்ளை’.

இதை ஒரு பட்டம் போலத்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். இட்லியைக் கண்டால் உதட்டை இறுக்குவான். ரசம் சோற்றை வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, தெருவில் போகும் டிப்பர் லாரிகளை எண்ணுவான். அதனால், அம்மாவுக்குச் சம்பளம் வந்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவனுக்கென்று ‘பாஸ்ட் புட்’ வண்டியிலிருந்து முட்டை ப்ரைட் ரைஸ் ஒரு பார்சல். அதை வாங்கி வருவது என் வேலை.

வண்டிக்காரர் செல்லத்துரை அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கம்பெனி வேலைக்கென்று வந்து, காண்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பப்பட்டு, ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் கூட்டுரோட்டில் வண்டி போட்டவர். இரும்புச் சட்டியில் கரண்டியால் அவர் தட்டுகிற ஓசை பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். தீ சட்டிக்குள் எட்டிப் பார்த்து, சோற்றை ஒருமுறை நக்கிவிட்டு இறங்கும். ஷிப்ட் முடிந்த இளைஞர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய முழங்கை உயரத்தில் நின்றுகொண்டு நான் ஒவ்வொரு தட்டாகப் பொறாமைப்படுவேன்.

“என்ன தாயி, தம்பிக்குத்தானா?” என்பார் அண்ணன். “ஒனக்கு எப்பம் வாங்கப் போற?”

பக்கத்தில் நின்று தின்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சுடும்.

ஆனால், உண்மையைச் சொன்னால், என் பொறாமை அந்தச் சோற்றின் மேல் மட்டும் இல்லை. சோற்றுக்குப் பின்னால் அம்மாவின் கை வரும். அதன் மேல்தான்.

டேப் பசை ஏறிக் கறுத்த விரல்கள் அவளுக்கு. தேங்காய் எண்ணெய் தேய்த்து, சாம்பல் போட்டுக் கழுவினாலும் அந்தப் பசையின் வாசனை நகக்கண்ணில் தங்கிவிடும். அந்த விரல்களால் ப்ரைட் ரைஸைச் சின்னச் சின்னக் கவளமாகப் பிடித்துக்கொண்டு, சதீஷின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் ஒரு பாட்டு மாதிரி கேட்பாள்: “செவப்பு வொயரு எங்க போவுது?” “லைட்டுக்கு!” “பச்ச வொயரு எங்க போவுது?” “ஆரனுக்கு!” “மஞ்ச வொயரு?” “வைப்பருக்கு!” “இந்த வாய் எங்க போவுது?” “சதீசு வவுத்துக்கு!” என்று கத்திக்கொண்டு அவன் வாயைத் திறப்பான். உள்ளே போகும்.

எந்த வயர் எங்கே போகும் என்று எனக்கும் தெரியும். அவனைவிட நன்றாகவே தெரியும். என்னிடம்தான் யாரும் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிற குழந்தைக்கு யார் ஊட்டுவார்கள்? நான் சுவரோரமாக என் தட்டை வைத்துக்கொண்டு, சாம்பார் சோற்றைத் தின்றபடி, அவன் ஒதுக்கிப் போடுகிற முட்டைகோஸ் நறுக்குகளுக்காகக் காத்திருப்பேன். அவனுக்கு அது தெரியும். சில நாள் ஒதுக்கியதைத் திரும்ப எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மென்று, வேண்டுமென்றே முகம் சுளித்து விழுங்குவான்.

அந்தப் பார்சலைப் பற்றி வீட்டில் வழக்கு ஓயாமல் நடந்தது. எங்கள் வீட்டுக்காரம்மா ஸ்டெல்லா, வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளுக்கெல்லாம் நீதிபதி. நான் பொட்டலத்தோடு கேட்டில் நுழைந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். “சின்னப் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மே இந்தக் கருமாந்தரம்? அந்த எண்ணெயப் பாத்துகிறியா நீ? ஆட்டோ இஞ்சினுக்கு ஊத்தலாம்.”

“மாசத்துக்கு ஒரு தபா தானேக்கா. வேற ஒண்ணியும் துன்ன மாட்டன்றான். இதுனாச்சும் உள்ள போவட்டும்” என்பாள் அம்மா.

அப்பா எப்போதாவதுதான் வாயைத் திறப்பார். “குட்த்தா ரெண்டுத்துக்கும் குடு. இல்லாங்காட்டி ரெண்டுத்துக்கும் வாணாம்.”

“அதுக்கு இன்னா? கல்லப் போட்டாலும் துன்னும்.”

‘அது’ நான்தான். அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள் என்று இன்று புரிகிறது. கேட்டவர்களும் “உனுக்கு கஸ்டமே இல்ல போ” என்று பாராட்டினார்கள். அன்று எனக்கு அந்தக் கல் தொண்டையில் நின்றது. கல்லைத் தின்கிறவளுக்கு எதற்கு ப்ரைட் ரைஸ், எதற்கு ஊட்டிவிடும் கை, எதற்குச் சிவப்பு வயர், பச்சை வயர்?

ஆகவே நானும் சாப்பிடாத பிள்ளை ஆவது என்று முடிவு செய்தேன்.

எளிதான காரியம் இல்லை. பள்ளியில் மதியம் சத்துணவு வாசனை வந்ததும் என் கொள்கை தளர்ந்துவிடும். முட்டை போடுகிற நாளில் இரண்டாம் முறையும் வரிசையில் நிற்பேன். எனவே என் உண்ணாவிரதம் வீட்டுக்கு மட்டும் உரியது என்று வகுத்துக்கொண்டேன். இரவில் தட்டைத் தள்ளிவிட்டு “பசிக்கல” என்பேன். அம்மா ஷிப்டில் இருப்பாள். அப்பா “சரி, படு” என்று என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார். பார்க்க வேண்டியவள் பார்க்காத உண்ணாவிரதம் போல வீணான வேலை உலகத்தில் வேறில்லை.

அந்தச் சமயத்தில்தான் சதீஷுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ப்ரைட் ரைஸ் தின்று நான்கைந்து நாள் ஆகியிருந்தது. நடுவில் அவன் தெருப் பையன்களோடு எதையெதையோ தின்றிருந்தான். ஆனாலும் ஸ்டெல்லாம்மா, “நான் அப்பவே சொன்னனா இல்லியா?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி தீர்ப்பு சொல்லிவிட்டார். அம்மா லீவு போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் தம்பியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அம்மா குற்றவாளிபோல நின்று கேட்டாள்: “எப்பனாச்சும் வண்டிக் கடைல வாங்கித் தருவன் சார். தர்லாமா, தரக் கூடாதா?”

“எப்பவாச்சும்னா ஒண்ணும் ஆயிடாதும்மா. அதையே சாப்பாடு ஆக்கிடாதீங்க. இப்போதைக்கு ஒரு வாரம் ரசம் சாதம், மோர் சாதம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பாப்பா நல்லா சாப்பிடுதா?”

“அதுக்கு இன்னா சார், கல்லப் போட்டாலும்...”

“நான் சாப்பிடறதே இல்ல” என்றேன்.

அம்மா சடாரென்று திரும்பினாள். டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, “ரத்தம் கம்மியா இருக்கே. கீரை, முட்டை குடுங்க. அதுக்குப் பிடிச்சது ஏதாவது இருந்தா அதையும் குடுங்க” என்றார். வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை முதல்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்துவிட்டு, “இன்னாடி, நீயும் ஆரம்பிச்சிட்டியா?” என்றாள். குரலில் கோபமே இல்லை. அந்தக் குரலை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பார்சல் எனக்கு வந்தது. எனக்கே எனக்கு.

“தம்பிக்கா தாயி?”

“எனக்கு” என்றேன். கூட்டுரோடே கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“அடி சக்க! அப்ப நில்லு, ஒரு முட்ட கூடப் போட்டுத் தாரேன்” என்று அண்ணன் சட்டியை ஓங்கித் தட்டினார். அந்த ஓசையில் நான் நடந்துவரவில்லை, மிதந்து வந்தேன். சூடு வயிற்றில் ஏறியது. சட்டையில் கறை விழுந்தது. அன்றைக்கு அந்தக் கறைகூட என் சொத்து.

அம்மாவுக்கு நைட் ஷிப்ட். வெளிர்நீலக் கோட்டு மாட்டி, பஸ்ஸுக்குத் தயாராக நின்றாள். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி, சாஸ் இருந்த குட்டிப் பிளாஸ்டிக் பையை ஓரமாக வைத்து, என் முன்னால் தள்ளினாள். ஆவி முகத்தில் அடித்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். சிவப்பு வயருக்காகக் காத்திருந்தேன்.

“இன்னாடி இது, வாயப் பொளந்துகினு உக்காந்துகினுகீற? கை இல்ல உனுக்கு?” என்று சொல்லிவிட்டு, அவள் சதீஷின் ரசம் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். “வாடா கண்ணு. செவப்பு வொயரு எங்க...”

“வாணாம்” என்றான் சதீஷ். “நானே துன்றன்.”

அம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினான். ஐந்து விரலையும் உள்ளே விட்டு அள்ளினான். ரசம் முழங்கை வழியாக ஒழுகியது. மெல்லவில்லை, லாரி எண்ணவில்லை, கன்னத்தில் அடக்கவில்லை. கிண்ணம் காலியானதும் நீட்டி, “இன்னும் போடு” என்றான். அம்மா போட்டாள். அதுவும் போயிற்று.

“யக்கா! ஸ்டெல்லாக்கா! இங்க வந்து பாரேன் எம் புள்ளைய!”

ஸ்டெல்லாம்மா வந்து வாசற்படியில் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. சதீஷ் வாய் நிறையச் சோற்றோடு, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்:

“எனுக்குக் கல்லு போட்டாக்கூட துன்னுவேன்மா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் முட்டையையும் கேரட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, அவன் கண் வைத்திருந்தது என் பட்டத்தின் மேல். நான் அவன் தட்டைப் பார்த்து ஏங்கிய அதே நேரத்தில், அவன் அந்தக் கல்லுக்காக ஏங்கியிருக்கிறான். அம்மா சிரித்துக்கொண்டே, எச்சில் வாயோடு இருந்த அவனை வாரி அணைத்து, கோட்டில் ரசக் கறையோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ப்ரைட் ரைஸ் ஆறிப்போயிருந்தது. முழுவதையும் தின்றேன். சாஸ் பையைக் கடித்து உறிஞ்சினேன். மிக நன்றாக இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சாயங்காலத்தோடு சதீஷ் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை ஆகிவிட்டான். அதனால் ஊட்டுவதும் நின்றது. சிவப்பு வயர் எங்கே போகிறது என்று அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் பிடுங்கப் பார்த்தது என் கைக்கும் வராமல், அவன் கையிலும் இல்லாமல் போய்விட்டது.

இப்போது நான் முப்பத்தைந்தைத் தொட்டவள். செல்லத்துரை அண்ணனின் வண்டி நின்ற பக்கத்தில் மேம்பாலம் வந்துவிட்டது; அதன் நிழலில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகள், உள்ளே குளிர், சட்டி தட்டும் ஓசையே கேட்காத சமையல். அண்ணன் எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. என் பிள்ளைகள் போனில் தொட்டால் பெட்டி வந்து இறங்குகிறது. சக தாய்மார்கள், “சின்னப் பிள்ளைங்களுக்கு எப்பவாவது இதெல்லாம் கொடுக்கலாமா?” என்று என்னிடமும் கேட்கிறார்கள். அந்த டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். அவர் சொல்ல மறந்த ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு தட்டு வையுங்கள், இரண்டு வாய்க்கும் ஊட்டுங்கள். அப்பா எப்போதோ சொன்னதுதான். அன்று அதை யாரும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சதீஷ் இப்போது கார் கம்பெனியில் லைன் லீடர், தொப்பை வைத்துவிட்டான். மூன்றாம் முறையாக ரசம் கேட்டான். அம்மா டேப் சுற்றிச் சுற்றிக் கோணிப்போன விரல்களால் ஊற்றியபடி, என் பிள்ளைகளிடம் சொன்னாள்: “உங்க மாமனப் பாருங்க. கல்லப் போட்டாலும் துன்னுவான்.”

எனக்குள் பழைய சூடு ஏறியது. அது என் பெயர் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாகத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “எனக்குப் பசிக்கலம்மா” என்றேன்.

அம்மா திரும்பினாள். அந்தக் கிளினிக் வாசலில் பார்த்ததுபோலவே என்னை உற்றுப் பார்த்தாள்.

“சுகர் டெஸ்ட் எடுத்தியாடி?” என்றாள்.

“வேணாம்னா இப்பிடித் தள்ளுக்கா அத” என்று சதீஷ் கையை நீட்டினான்.

நான் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.